மூன்றாம் ஷிப்ட்

எங்கள் வீட்டில் சம்பாதித்தவர்கள் இரண்டு பேர். மாமா பகலில் சம்பாதித்தார், அப்பா ராத்திரியில் சம்பாதித்தார். நல்ல பெயர் மாமாவுக்குப் போயிற்று.

இது 1970-களின் கப்பலூர். இப்போது பஸ்ஸில் ஊர்ப் பெயரைச் சொன்னால் "டோல்கேட் கப்பலூரா?" என்கிறார்கள். அப்போது "மில்லு கப்பலூரா?" என்பார்கள். ஊரே மில் சங்கைக் கேட்டுத்தான் உலை வைத்தது. காலை எட்டு, மாலை நாலு, நடுராத்திரி பன்னிரண்டு என்று மூன்று ஷிப்ட். வாரா வாரம் மாறி வரும் என்றாலும் யார் வந்து கேட்டாலும் அப்பா மாற்றிக்கொள்வார். அதனால் மாதத்தில் முக்கால்வாசி நாள் மூன்றாம் ஷிப்ட்டிலேயே கிடந்தார். காலையில் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்க வருவார், நீராகாரம் குடிப்பார், படுத்துவிடுவார். மாமா, அம்மாவின் தம்பி, மில் ஆபீஸில் கிளார்க். எங்கள் வீட்டோடுதான் இருந்தார். குளித்து, பவுடர் போட்டு, சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும்போதே சீட்டியில் ஒரு சினிமாப் பாட்டு வந்துவிடும். மாமா வேலைக்குப் போவது லைன் வீடு முழுக்கத் தெரியும். அப்பா வேலைக்குப் போவது தெருநாய்க்கு மட்டும்தான் தெரியும்.

"பொழுதுக்கும் தூங்குற மனுசன்" என்பது அப்பாவுக்கு வாய்த்த பட்டம். வழங்கியவர் வேறு யாருமில்லை, அவரைப் பெற்ற எங்கள் அப்பத்தா.

குழாயடியில் ஒரு தேன்பழ மரம் நின்றது. சர்க்கரைப்பழம் என்றும் சொல்வார்கள். சுண்டைக்காய் பருமனில் சிவப்பாகப் பழம், உள்ளே மணல் மணலாக விதை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து எப்போதோ வந்து, நம்மூர்ச் சாக்கடை ஓரத்தில் சொந்தவீடு போல நின்றுகொண்ட மரம். அந்த மரத்திலும் ஷிப்ட் உண்டு. விடிந்தால் கொண்டைக்குருவி, அடைந்தால் வவ்வால். கொண்டைக்குருவி என்றால் தலையில் கறுப்புக் கொண்டையும் வாலடியில் குங்குமம் அப்பினாற்போல ஒரு சிவப்புமாக இருக்குமே, பறவை பார்க்கிறவர்கள் செம்புழைச் சின்னான் என்கிறார்களே, அதுதான். வவ்வால் என்றால் கண்மாய்க்கரை ஆலமரத்தில் கறுப்புக் குடையை மடக்கி மாட்டியதுபோலத் தொங்குமே, அந்தப் பெரிய ரகம் இல்லை. இது உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ரகம், குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். நாய்க்குட்டி முகம், பழுப்பு மயிர், ஈரம் மினுங்கும் பெரிய கண்.

கொண்டைக்குருவி வந்தால் அப்பத்தா ஒரு கை குருணை எடுத்துப் போடுவாள். அது குருணையை ஏறிட்டும் பார்க்காது, பழத்தைத்தான் கொத்தும். அப்பத்தாவுக்கு அதில் மனக்குறை கிடையாது. "எம்புட்டு லட்சணமா இருக்கு பாரு" என்பாள். வவ்வால் வந்தால் விளக்குமாறு. வீட்டுக்குள் வவ்வால் நுழைந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது ஒன்று. இன்னொன்று, அது வாயால் தின்று வாயாலேயே வெளிக்கிருக்கும் என்பது. இந்த இரண்டாவது விஷயத்தைத் தமிழ்நாட்டில் பாதிப்பேர் இன்னமும் நம்புகிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வவ்வால் பழத்தை வாயில் போட்டு மெல்லும், மேலண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை உறிஞ்சும், சக்கையை உருட்டித் துப்பிவிடும். நாம் கரும்பு தின்பது போலத்தான். காலையில் மரத்தடியில் கிடக்கிற அந்தச் சக்கை உருண்டையைத்தான் அப்பத்தா வேறொன்றாக எடுத்துக்கொண்டாள். உண்மையான கடனைக் கழிக்க வேண்டி வந்தால், தலைகீழாகத் தொங்குகிற பிராணி புரண்டு, கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பற்றி நேராக நின்று, காரியம் முடிந்ததும் மறுபடி தொங்கிக்கொள்ளும். இதைவிட ஒழுங்காக இருக்கிற ஆட்களை லைன் வீட்டில் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆறாம் வகுப்பில் "எனக்குப் பிடித்த பறவை" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் வௌவால் என்று எழுதினேன். அப்பா மேல் இருந்த பாசமா, வேறு ஏதேனும் கோளாறா என்று இப்போது சொல்ல முடியவில்லை. பத்துக்கு முட்டை. "வௌவால் பறவையே இல்லை" என்று வாத்தியார் சிவப்பு மையில் எழுதினார். அவர் சொன்னது சரி. பக்கத்துப் பெஞ்சில் ஒருவன் கொண்டைக்குருவியைப் பற்றி எழுதி எட்டு மார்க் வாங்கினான். அது இனிமையாகப் பாடும், மரம் வளர்க்கும், மனிதனுக்கு நண்பன் என்று எழுதியிருந்தான். அவன் எழுதியதில் முதலாவதை மட்டும் தள்ளிவிட்டு மீதியை அப்படியே வௌவாலுக்கும் போட்டிருக்கலாம். அது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது கொஞ்சம் தெரியும் என்பதால் அந்தக் கட்டுரையை ஒருமுறை திருத்தி எழுதிப் பார்க்கிறேன். தராசில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை, 40 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின். கொண்டைக்குருவி இரண்டு மூன்று முட்டையிட்டு, இரண்டு வாரத்தில் பொரித்து, இன்னும் இரண்டு வாரத்தில் பிள்ளைகளைப் பறக்கவிட்டு, அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். வவ்வால் நாலு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், பால் கொடுக்கும், மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டியோடு பறக்கும். வருசத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒன்று. பார்வை தெரியாத பிராணி என்பார்கள். பூச்சி தின்னும் வௌவால்தான் கத்தி, எதிரொலி கேட்டு வழி பார்க்கும். பழந்தின்னிக்குக் கண்ணும் மூக்கும்தான் வழிகாட்டி. கனிந்த கொய்யா எந்தக் கிளையில் என்பதை அது மோந்தே கண்டுபிடிக்கும். தின்கிற விதத்தில்தான் பெரிய வித்தியாசம். கொண்டைக்குருவி மரத்திலேயே உட்கார்ந்து, நாலு பழத்தைக் கொத்தி நாலையும் பாழாக்கும். வவ்வால் ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த் தொங்கித் தின்னும், மறுபடி வரும். ராத்திரி முழுக்க இதே நடை. விதை ஊர் ஊராகப் போவது இந்த நடையில்தான்.

மரம் வளர்ப்பில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலுப்பைப் பூ ராத்திரியில்தான் மலரும். கொண்டைக்குருவி அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே மகரந்தம் சுமக்கிறவர் மூன்றாம் ஷிப்ட்காரர்தான். கோயில் விளக்கெல்லாம் இலுப்பெண்ணெயில் எரிந்த காலத்தில், அந்த வெளிச்சத்துக்கு அடியில் இருந்த கூலியாள் யார் என்று யாரும் கேட்டதில்லை.

ஆறாம் வகுப்பு வாத்தியாருக்கு ஒரு சேதி மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ் 1758-ல் வௌவாலைப் பறவையில் சேர்க்கவில்லை, எலியிலும் சேர்க்கவில்லை. மனிதன், குரங்கு இருக்கிற வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். பின்னால் வந்தவர்கள் எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

முகவரி விஷயத்தில் வவ்வால் கொடுத்துவைத்தது. நம் குட்டைமூக்குப் பழந்தின்னிக்கு 1797-ல் மார்ட்டின் வால் என்ற அறிஞர் அறிவியல் பெயர் வைத்தபோது, அது எங்கே பிடிபட்டது என்பதையும் சரியாக எழுதிவைத்தார். தரங்கம்பாடி. டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்த ஊர். ஆகவே வௌவாலிடம் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று 200 வருசத்துக்கு மேலாகப் பத்திரமாக இருக்கிறது. கொண்டைக்குருவியின் கதை தாலுகா ஆபீஸ் கதை. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்த பறவை என்று யாரோ தவறாக எழுதிவைக்க, அதை நம்பி லின்னேயஸ் 1766-ல் 'காஃபெர்' என்று ஆப்பிரிக்க அடையாளத்தோடு பெயர் வைத்துவிட்டார். ஆப்பிரிக்காவில் இந்தப் பறவையே கிடையாது. பிற்பாடு இலங்கை என்று திருத்தினார்கள். 1952-ல் ஸ்ட்ரெஸ்மான் என்ற ஜெர்மன் பறவையியலாளர் புதுச்சேரி என்று மாற்றிக் கொடுத்தார். முகவரி திருத்தம் முடிய 186 வருசம். பெயரில் மட்டும் ஆப்பிரிக்கா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, விதி அப்படி. என் ரேஷன் கார்டில் அப்பா பெயரின் ஓர் எழுத்தைத் திருத்த நான் பட்ட பாட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரிடமும் புலம்புவதில்லை.

அப்பா ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்கு அவரோடு பேச நேரம் கிடைத்தது, அதுவும் ராத்திரியில். உடம்புக்குள் இருந்த மூன்றாம் ஷிப்ட் ரிட்டயர் ஆகவில்லை. பதினொன்றரை மணிக்கு எழுந்து உட்காருவார். வேட்டியை இறுக்கிக் கட்டுவார். போக இடம் இல்லை என்பது ஞாபகம் வரும், வெளியே வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து குழாயடி மரத்தைப் பார்ப்பார். லீவில் வந்திருந்த ஒரு ராத்திரி நானும் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, தூக்கம் வரலையா?"

"இப்பத்தான வேலைக்குப் போற நேரம்."

மரத்தில் கிளை அசைந்தது. ஒரு வவ்வால் வந்து பழத்தைப் பறித்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. ஒரு சத்தம் உண்டா? ஒங்க மாமா சைக்கிள எடுத்தா ஊரு முழிக்கும்" என்றார். பிறகு, "நம்ம ஷிப்ட்டுடா அது" என்றார். மாமாவைப் பற்றி அப்பா குறையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்பாவின் அந்த உடம்புக் கடிகாரத்தை எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. நாகமலைப் பக்கம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியரும் ஜி. மாரிமுத்து முதலான அவரது மாணவர்களும் குகை வௌவால்களை வைத்துக் காலக்கணக்கு பார்த்தார்கள். அது பூச்சி தின்னும் ரகம், பழந்தின்னி இல்லை. வெளிச்சமே எட்டாத குகையில் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். பகல் எது, ராத்திரி எது என்று கூண்டுக்காரர்களுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அதே குகையில் சுதந்திரமாக இருந்த கூட்டாளிகள் தினம் பொழுது சாய்ந்ததும் கிளம்புவதையும் விடியலில் திரும்புவதையும் கேட்டுக்கேட்டே, கூண்டுக்குள் இருந்தவையும் மணி தவறாமல் சிறகடித்தன. கூட்டாளிகள் இல்லாத குகையில் அடைத்தபோது அவற்றின் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்போக்கில் நகர்ந்து போனது. 1981-ல் இதை வெளியிட்டார்கள். சங்கு ஊதாத மில்லில் ஆள் வந்து போகிற சத்தமே சங்கு. அப்பாவுக்கோ கூட்டாளிகளும் போய்விட்டார்கள், சங்கும் காதுக்குள் மட்டும் ஊதியது, ஆனாலும் கடிகாரம் நகரவில்லை. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவர் ஒத்துவந்திருக்க மாட்டார்.

எங்கள் ஜில்லாவுக்கு வௌவால் விஷயத்தில் இன்னொரு பெருமை உண்டு. 1948-ல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பாடம் பண்ணினார். அன்று மேகமலை மதுரை ஜில்லா. தேனி பிரிந்தது 1996-ல். அந்த வௌவால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைப் பார்த்தவர்கள் குட்டைமூக்குப் பழந்தின்னி என்று சீட்டு எழுதிக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள், அதாவது எங்கள் குழாயடிக்காரரின் பெயரை. 24 வருசம் அடுத்தவர் பெயரில் கிடந்தது. 1972-ல் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து விலங்கியலாளர் பல்லை உற்றுப் பார்த்து, இது வேறு இனம் மட்டுமல்ல, பேரினமே புதியது என்று அறிவித்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் வேடிக்கை. வாழ்நாள் முழுக்கப் பறவைகளுக்கே உழைத்த சாலிம் அலியின் பெயரை அந்த வௌவாலுக்குச் சூட்டினார். என் ஆறாம் வகுப்புக் கட்டுரைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதே 1972-ல் இன்னொரு காரியமும் நடந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொண்டைக்குருவியைப் பாதுகாக்கப்பட்டவர்கள் அட்டவணையில் எழுதிய அதே சட்டம், பழந்தின்னி வௌவால்களை ஐந்தாவது அட்டவணையில் எழுதியது. காக்கை, எலி, சுண்டெலியோடு ஒரே பந்தி. தீங்குயிரி என்று அந்த அட்டவணைக்குப் பெயர். யாரும் அடிக்கலாம், கேள்வி கிடையாது. சாலிம் அலி பெயர் தாங்கிய வௌவாலை மட்டும் பிற்பாடு தனியாகத் தூக்கி முதல் அட்டவணையில் வைத்தார்கள். பெரிய மனிதர் சிபாரிசு இருந்தால் எங்கும் இப்படித்தான். மற்றவற்றுக்கு விமோசனம் 2022 திருத்தத்தில்தான் வந்தது. தீங்குயிரி அட்டவணையே போயிற்று. அமலுக்கு வந்த தேதி 2023 ஏப்ரல் 1.

ஐம்பது வருசம் சட்டம் கைவிட்டபோது கைகொடுத்தவர் முனியாண்டிதான். மேலே சொன்ன மாரிமுத்து 1988-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் மதுரைப் பக்கத்துப் புளியங்குளத்து ஆலமரத்தைப் பற்றி எழுதினார். மரத்தில் பெரிய வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கின. மரம் முனியின் காவல், வௌவாலைத் தொட்டவன் வீட்டுக்கு முனி வருவார். ஊரில் ஒருவரும் கல்லெடுக்கவில்லை. எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு ஆலமரம் உண்டு. அதில் கல்லெறிந்த என் கூட்டாளி ஒருவனுக்கு மறுநாளே அம்மை போட்டது. கண்மாயில் குளித்த நாங்கள் அத்தனை பேருக்கும் அந்த வாரம் அம்மை போட்டது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மரம் தப்பித்தது. அதற்கப்புறம் ரோடு போட வந்தவர்களுக்கு அம்மை போடவில்லை. நாலுவழிச் சாலை வந்தபோது புளி, ஆல், வேம்பு என்று இரண்டு பக்கமும் படுத்தன. முனிக்குப் பக்கத்திலேயே சிமெண்ட்டில் புதிதாக ஒரு பீடம் கட்டிக் கொடுத்தார்கள். தொங்குவதற்கு அதில் வசதி இல்லை.

இனி மாமாவின் கட்சிக்காரரைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊரில் நல்ல பெயர் எடுத்த கொண்டைக்குருவிக்கு வெளிநாட்டில் போலீஸ் கேஸ் இருக்கிறது. 1903 வாக்கில், கரும்புத் தோட்ட வேலைக்கு ஃபிஜித் தீவுக்குப் போன இந்தியக் கூலிகளோடு இது கப்பல் ஏறியது. சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் தென்னாட்டு ஆட்களை ஃபிஜிக்கு ஏற்ற ஆரம்பித்ததும் அதே 1903-தான். ஊர்ப் பேச்சே கேட்காத தீவில் கூண்டுக்குள் ஒரு ஊர்க்குரல் வேண்டியிருந்திருக்கும், அதில் தப்பு சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் கூண்டு திறந்துகொண்டது. சமோவா, டோங்கா என்று பரவியது. 1960-களில் ஹவாய்த் தீவுகளில் இறங்கி, ஆர்க்கிட் மொட்டுகளைக் கொத்திப் பூ வியாபாரிகளை அழவைத்தது. அங்கெல்லாம் அது களைச்செடிகளின் விதையைத் தின்று காடு காடாகப் போட்டுவிடுகிறது. விளைவு, உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் மூன்றே மூன்று பறவைகள், அதில் ஒன்று இது. இன்னொன்று நம் மைனா. ஊரில் "விதை பரப்பும் நண்பன்" என்று எட்டு மார்க் வாங்கிய அதே வேலைக்கு அங்கே தேடப்படும் குற்றவாளி.

வௌவாலுக்கும் உலகப் புகழ் வந்தது, தன் வழியில். 2010-ல் இக்நோபல் பரிசு கொடுத்தார்களே, சிரிக்கவைத்துவிட்டு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்கு, அதில் உயிரியல் பரிசு இந்தக் குட்டைமூக்குப் பழந்தின்னியைப் பற்றிய ஆய்வுக்குத்தான். எந்த நடத்தையை ஆராய்ந்தார்கள் என்று இங்கே எழுத முடியாது. பெரியவர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

அப்பத்தா ஒரு விஷயத்தில் மட்டும் வவ்வாலை மதித்தாள். "வவ்வா கடிச்சதுதான்டா நல்ல பழம்" என்பாள். கடித்த கொய்யாவைக் கழுவி, கடிபட்ட பக்கத்தைச் சீவிவிட்டுக் கொடுப்பாள். வாதாமரத்தடியில் ராத்திரி வவ்வால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட வாதாங்கொட்டையை நாங்கள் காலையில் பொறுக்கி, கல்லில் வைத்து உடைத்து உள்பருப்பைத் தின்போம். யார் முதலில் எழுகிறார்களோ அவர்களுக்கு ஜாஸ்தி. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தது, பெரிய பழந்தின்னிகள் அந்த வைரஸைச் சுமக்கின்றன என்று தெரிந்தது. கடிபட்ட பழத்தைத் தொடாதீர்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அது சரியான அறிவுரை, அதில் அப்பத்தா பக்கம் நான் நிற்க மாட்டேன். 2020-ல் கொரோனா வந்தது. கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, இமாசலம் ஆகிய இடங்களின் வௌவால்களிடம் ஏதோ கொரோனா வைரஸ் இருக்கிறது என்று ஒரு ஆராய்ச்சி வந்தது. நம்மைப் படுத்திய வைரஸ் அது இல்லை என்ற இரண்டாவது வரியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

எங்கள் தெருவில் நெட்டிலிங்க மரங்கள் உண்டு. அதில் ஆண் வவ்வால் இலைக்காம்பையும் சிறுகிளையையும் வாரக்கணக்கில் கடித்து, உள்ளே ஒரு கூடாரம் செய்துகொள்ளும். பாளையங்கோட்டைக் கல்லூரிக்காரர்கள் இதை உட்கார்ந்து பார்த்து 1995-ல் எழுதியிருக்கிறார்கள். கூடாரம் கட்டுகிற வேலை முழுக்க ஆணுடையது. அது முடிந்தால்தான் பெண்கள் வந்து குடியேறுவார்கள். வீடு கட்டி முடிக்காமல் பெண் கேட்டுப் போகக் கூடாது என்ற நியாயம் வவ்வாலுக்குத் தெரிந்திருக்கிறது. கொரோனா சமயத்தில் தெருக்காரர்கள் கூடி அந்த மரங்களின் தலையை வெட்டினார்கள். நான் என்ன செய்தேன் என்றால், ஏணி பிடித்தேன். பயந்தவர்கள் வரிசையில் நானும் நின்றேன் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் அப்பா ராத்திரி பதினொன்றரைக்கு வந்து கேட்பார்.

அதே வருசம் எங்கள் போர்ட்டிகோவில் மீட்டர் பெட்டி மேல் கொண்டைக்குருவி கூடு கட்டியது. இரண்டு முட்டை. வீட்டில் அத்தனை பேரும் கால் நுனியில் நடந்தோம். போர்ட்டிகோ லைட்டை மூன்று வாரம் போடவில்லை. மின்சாரக் கணக்கெடுப்பவரைக் கேட்டிலேயே நிறுத்தி, "குஞ்சு பொரிச்சிருக்கு, மெதுவா" என்றாள் என் மனைவி. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். வைரஸ் பயத்தில் பால்காரரைப் பத்தடி தள்ளி நிறுத்திய அதே கேட்.

போன வருசம் கொய்யா மரத்துக்கு வலை கட்டினேன். தினம் ராத்திரி பழம் போகிறது, வவ்வால் வேலை என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. மதுரை போய் நைலான் வலை வாங்கிவந்து மரத்தை மூடினேன். நாலாம் நாள் விடியலில் வலைக்குள் படபடவென்று சத்தம். காலில் நைலான் சுற்றிக்கொண்டு தொங்கியது கொண்டைக்குருவி. கத்தரியால் ஒவ்வொரு இழையாக அறுத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. நன்றிக்கு என் கட்டைவிரலைக் கொத்தியது. வலையைக் கழற்றி எரித்துவிட்டேன். கொய்யா பகலிலும் போகிறது, ராத்திரியிலும் போகிறது. எனக்கும் நாலு கிடைக்கிறது.

என் பையன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். அமெரிக்கக் கம்பெனி. அவர்கள் விழிக்கும்போது இவன் உட்கார வேண்டும். சாயங்காலம் ஏழுக்கு லேப்டாப்பைத் திறந்தால் விடிய நாலு மணி. பிறகு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்டு, ஏ.சி.யை ஓடவிட்டு மதியம் வரைக்கும் தூக்கம். நைட் ஷிப்ட்டுக்குத் தனிப் படி உண்டு. எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, எண்பத்தைந்து வயது, போன வாரம் வந்திருந்தாள். பையன் தூங்குகிறான் என்றதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்: "பாவம், புள்ள தூங்கட்டும். அமெரிக்காக்காரனே இவன் முழிச்சிருந்தாத்தான் தொழில் பண்றானாம்ல?" குக்கர் விசில் வந்தபோது ஓடிப்போய் அடுப்பை அணைத்தவளும் அவள்தான். அப்பா தூங்கும்போது அம்மியை ஓங்கி ஓங்கி அரைத்ததும் இதே அத்தைதான். அதை ஞாபகப்படுத்தலாமா என்று நினைத்தேன். காபி ஆறிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

மாமா திருமங்கலத்தில் மகளோடு இருக்கிறார். இப்போதும் சீட்டி அடிக்கிறார், பல் செட் போட்டபிறகு சுருதி சேர்வதில்லை.

இப்போதைய பிரச்சினை வேறு. எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரிசல் விட்டு ஒரு அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஒரு முழம் வந்துவிட்டது. வேர் உள்ளே இறங்கினால் சுவர் போய்விடும் என்றார் கொத்தனார். "வவ்வா எச்சங்க, வேறென்ன" என்று பார்த்ததுமே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அரசம்பழத்தை வவ்வாலும் தின்னும், கொண்டைக்குருவியும் தின்னும். அந்தக் கைப்பிடிச் சுவரில் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வந்து உட்காருவது கொண்டைக்குருவிதான். வவ்வாலுக்கு அங்கே தொங்க இடமே கிடையாது. இதை அவரிடம் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கன்றை வேரோடு எடுத்துப் பூசிக்கொடுக்க ஆயிரத்தைந்நூறு ரூபாய் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.